பத்து நாள் சட்டசபையும் பூட்டிக் கிடக்கும் வீடும்

டிசம்பர் வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு பேச்சு தவறாமல் எழும். ஒன்று, பெலகாவியில் கர்நாடக சட்டசபை கூடுவது. இன்னொன்று, சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீடு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். போன டிசம்பர் வரை எனக்கும் அப்படி ஒன்று இருப்பதாகத் தோன்றியதில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது கன்னட செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அமைச்சர்கள் கார் வரிசை, குவிமாடம் வைத்த பெரிய வெள்ளைக் கட்டடம், வாசலில் போலீஸ். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள்: "விதான சௌதா இங்கதானேப்பா இருக்கு? எதுக்கு எல்லாரும் அங்க போறாங்க?"

"வருஷா வருஷம் பத்து நாள் போவாங்கம்மா."

"அப்ப அந்த பில்டிங் மத்த நாள்ல என்ன பண்ணும்?"

பதில் சொல்வதற்குள் ஷார்ஜாவிலிருந்து அண்ணன் போன். "தம்பி, ஊர் வீட்டுக்கு இந்த வருஷமும் வெள்ளையடிக்க நாப்பதாயிரம் கேக்காங்க. பங்குனி உத்திரத்துக்குப் பத்து நாள் திறக்கதுக்கு இது தேவையா? பேசாம குடுத்துருவோம்ல." அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நான் பி.காம். படித்து வங்கியில் சேர்ந்தவன். சரித்திரம் படித்தவன் இல்லை. ஒரு செலவைப் பார்த்தால் அதற்கு எதிரே என்ன வரவு என்று தேடுவது பழகிப்போன குணம். அன்றைக்கு இந்த இரண்டு கட்டடங்களின் கணக்கும் மண்டைக்குள் ஒன்றாக ஓட ஆரம்பித்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பெலகாவி எனக்குப் பழக்கமான ஊர். 2013-லிருந்து மூன்று வருடம் அங்கேதான் வேலை. நான் போனபோது அதன் பெயர் பெல்காம். 2014 நவம்பர் 1-ஆம் தேதி பெலகாவி ஆனது. பெங்களூரிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். ராத்திரி பஸ் ஏறினால் விடிந்த பிறகு இறங்கலாம். வெயிலே தெரியாத ஊர், குந்தா என்றொரு பால் இனிப்பு, நல்ல மனிதர்கள். கவுண்டருக்கு வருகிறவர் எந்த மொழியில் ஆரம்பிப்பார் என்று ஊகிக்க முடியாது. கன்னடம், மராட்டி, கொங்கணி, உருது எல்லாம் உண்டு. நான் என் உடைந்த கன்னடத்தில் ஆரம்பிப்பேன். அவர் சிரித்துவிட்டு இந்திக்கு மாறுவார்.

செஷன் வந்தால் ஊர் தலைகீழாகிவிடும். லாட்ஜ்களில் அறை கிடைக்காது. ஒரு முறை எங்கள் கிளையைத் தணிக்கை செய்ய வந்தவர்கள் எண்பது கிலோமீட்டர் தள்ளி தார்வாடில் தங்கி, தினமும் போய் வந்தார்கள். கல்யாண மண்டபமெல்லாம் காவலர்களுக்குப் போய்விடும். தெருவுக்குப் புதுத் தார் போடுவார்கள். என்னோடு வேலை பார்த்த மராட்டிக்கார கேஷியர் ஒரு நாள் சொன்னார்: "விருந்தாளி வந்தா நல்ல பாய் எடுத்து விரிப்போம், போனதும் சுருட்டிப் பரண்ல போடுவோம். இது அப்படித்தான் சார். அந்தப் பாயில எங்களை உட்கார விடமாட்டாங்க."

சரி, கொஞ்சம் சரித்திரம்.

சட்டசபை ஓரிடம், அரசாங்கம் ஓரிடம் என்பது இந்த மாநிலத்துக்குப் புதிதில்லை. 1881-ல் மைசூர் சமஸ்தானத்தில் பிரதிநிதி சபையைத் தொடங்கியவர் திவான் ரங்காச்சார்லு. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்து, சென்னை மாகாண அரசுப் பணியிலிருந்து மைசூர் போனவர். முதல் சபையில் 144 பேர். சமஸ்தானத்தின் அலுவலகங்கள் பெங்களூர் அட்டாரா கச்சேரியில் இருந்தன (இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் அதே சிவப்புக் கட்டடம்). சபை கூடியதோ மைசூரில், தசரா சமயத்தில். அந்தச் சபைக்குச் சட்டம் போடும் அதிகாரம் கிடையாது. திவான் வரவு செலவைச் சொல்வார், இவர்கள் குறை சொல்வார்கள், அவ்வளவுதான். ஆனாலும் தாலுகாவிலிருந்து வண்டி கட்டி வந்தவர் திவானுக்கு நேரே நின்று எங்கள் ஊர் ஏரி உடைந்து கிடக்கிறது என்று சொல்ல ஓரிடம் கிடைத்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு பெங்களூரில் விதான சௌதா எழுந்தது. 1951 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். கெங்கல் ஹனுமந்தையா முன்னால் நின்று கட்டினார். 1956-ல் வேலை முடிந்தது. இரண்டு கோடிக்கும் குறைவான செலவு. அந்தச் செலவுக்கே அவர் மேல் விசாரணை வந்தது!

அதே 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் வந்தன. பம்பாய் மாகாணத்திலிருந்து பெல்காம், பீஜாப்பூர், தார்வார், வட கன்னடம். ஹைதராபாதிலிருந்து குல்பர்கா, ராய்ச்சூர், பீதர். நம் சென்னை மாகாணத்திலிருந்து தென் கன்னடமும் கொள்ளேகாலும். இவையும் குடகும் பழைய மைசூரோடு சேர்ந்தன. பெல்காம் மாவட்டத்தில் சந்த்கட் தாலுகா மட்டும் பம்பாயோடு நின்றது. பெல்காம் நகரில் மராட்டி பேசுபவர்கள் நிறைய. 1924 டிசம்பரில் காந்தி தலைமை வகித்த ஒரே காங்கிரஸ் மாநாடு நடந்த ஊர் அது. அப்போது பம்பாய் மாகாணத்து ஊராக இருந்ததை இப்போது ஏன் மைசூருக்குக் கொடுத்தீர்கள் என்று மராட்டியர்கள் கேட்டார்கள். மகாராஷ்டிர ஏகீகரண சமிதி தேர்தல்களில் நின்று ஜெயித்தது.

1966-ல் ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி மெஹர் சந்த் மகாஜன் தலைமையில் ஒரு கமிஷன் போட்டார்கள். 1967-ல் அறிக்கை வந்தது. பெல்காம் நகரம் மைசூரிலேயே இருக்கட்டும், 264 ஊர்களை மகாராஷ்டிரத்துக்குக் கொடுங்கள், 247 ஊர்களை அங்கிருந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. கர்நாடகம் சரி என்றது, மகாராஷ்டிரம் முடியாது என்றது. 2004-ல் மகாராஷ்டிரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு இன்னும் முடியவில்லை.

2005-ல் பெல்காம் மாநகராட்சி, எங்களை மகாராஷ்டிரத்தோடு சேருங்கள் என்று தீர்மானம் போட்டது. கர்நாடக அரசு மாநகராட்சியையே கலைத்தது. அடுத்த வருடம், 2006 செப்டம்பரில், குமாரசாமி முதல்வராக இருந்தபோது சட்டசபையே பெல்காமுக்கு வந்து ஒரு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் கூடியது. 2009-ல் எடியூரப்பா காலத்தில் இன்னொரு முறை. பிறகு தனிக் கட்டடமே கட்டிவிட்டார்கள். ஊருக்கு வெளியே, புனே நெடுஞ்சாலையோரம், ஹலகா கிராமத்து நிலத்தில் எழுந்த அதற்கு சுவர்ண விதான சௌதா என்று பெயர். 2012 அக்டோபர் 11-ஆம் தேதி ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி திறந்து வைத்தார்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2004 வழக்கு, 2005 தீர்மானம், 2006 செஷன், 2012 கட்டடம். வடக்கு மாவட்டங்களின் குறை கேட்கத்தான் போகிறோம் என்று மேடையில் சொன்னார்கள். அது பொய் இல்லை. ஆனால் அந்தத் தேதியில் அவர்களைக் கிளப்பியது குறை கேட்கும் ஆசை மட்டுமில்லை. "இது எங்கள் மண்" என்று காட்ட வேண்டியிருந்தது. எல்லைத் தகராறு உள்ள மனையில் முதலில் ஒரு கொட்டகை போட்டுவிடுவோம் இல்லையா, அதுபோல.

இப்போது கணக்கு.

கட்டடத்துக்குச் சுமார் 400 கோடி. அரசாங்கக் கட்டடத்துக்கு யாரும் வட்டி போட்டுப் பார்ப்பதில்லை. நான் போட்டுப் பார்த்தேன் (வியாதி!). 8 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 32 கோடி. பத்து நாள் கூடினால் ஒரு நாளுக்கு 3 கோடியே 20 லட்சம். எட்டு மணி நேரம் சபை நடந்தால் மணிக்கு 40 லட்சம். இதெல்லாம் யாரும் வாய் திறந்து பேசுவதற்கு முன்னால் ஆன செலவு. கீழவையில் 224 பேர், மேலவையில் 75 பேர், அவர்களோடு அதிகாரிகள், டிரைவர்கள், ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்கள். இவர்களின் தங்கும் செலவு, சாப்பாடு, படிகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு செஷனுக்குப் பத்து கோடிக்கு மேல். கட்டடப் பராமரிப்பு வருடம் முழுக்க. கொரோனாவுக்கு முந்தின 2019-லும் கொரோனா வந்த 2020-லும் அங்கே சபை கூடவே இல்லை. அந்த வருடங்களுக்கு ஒரு நாள் செலவு என்ன என்று கேட்டால் கால்குலேட்டர் பிழை காட்டும், பூஜ்யத்தால் வகுக்க முடியாதே :-)

2022-ல் அந்தக் கட்டடத்தின் புகைப்படம் ஒன்று ஊர் முழுக்கச் சுற்றியது. வாசல் முற்றத்தில் சேமியாவும் அப்பளமும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அங்கே துப்புரவு வேலை பார்த்த அம்மா ஒருவர் காயப்போட்டிருந்தார். மானம் போய்விட்டது என்று அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஜனங்கள் சத்தம் போட்டதும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டு அத்தை வற்றலும் வடகமும் காயப்போடுவார். அம்மாவே சாவி கொடுத்து மொட்டை மாடியையும் எடுத்துக்கச் சொல்லியிருக்கிறார். சும்மா கிடக்கிற வெயிலைப் பயன்படுத்திக்கொண்டதில் என்ன குற்றம்? அந்த முற்றத்தால் அந்த வருடம் ஊர்க்காரர் ஒருவருக்குக் கிடைத்த நேரடியான பலன், என் சிற்றறிவுக்கு எட்டியவரை, அந்த அப்பளம்தான்.

கணக்கை இதோடு மூடினால், "விற்றுவிடு" என்ற அண்ணன் பக்கம் போய்விடுவேன். மூட முடியவில்லை. காரணம் நான் அங்கே இருந்தபோது பார்த்த முதல் செஷன்.

2013 நவம்பர். சட்டசபை கூடியிருந்தது. கரும்புக்கு விலை கேட்டு விவசாயிகள் கட்டடத்துக்குப் பக்கத்தில் போராடிக்கொண்டிருந்தார்கள். பெலகாவி கரும்பு மாவட்டம், ஆலைகள் பாக்கி வைப்பது அங்கே தீராத கதை. அந்தப் போராட்டத்தில் ஒரு விவசாயி விஷம் குடித்து இறந்துபோனார். எங்கள் கிளையில் பயிர்க்கடன் வாங்கியவர்கள் பாதிப் பேர் கரும்புக்காரர்கள். அடுத்த நாள் கவுண்டரில் யாரும் பேசவில்லை. சபைக்குள் வேறு பேச்சு எடுபடவில்லை, அரசு விலையைப் பற்றிப் பேசியே ஆகவேண்டியிருந்தது. இதே மனிதர் 500 கிலோமீட்டர் தள்ளி பெங்களூருக்கு வந்திருந்தால் அந்தக் கூட்டம் கூட வந்திருக்குமா? வந்திருந்தாலும் நகரத்துப் போக்குவரத்து நெரிசல் செய்தியில் ஒரு வரியாகப் போயிருக்கும். ஒரு உயிரைக் கொடுத்துத்தான் காதில் விழ வைக்க வேண்டும் என்பது கொடுமை. ஆனால் காது பக்கத்தில் இருந்தது என்பதும் உண்மை.

வடக்கு மாவட்டங்களின் குறை கற்பனை இல்லை. பேராசிரியர் டி.எம். நஞ்சுண்டப்பா தலைமையிலான குழு 2002-ல் கொடுத்த அறிக்கையில், மாநிலத்தின் 175 தாலுகாக்களில் 114 பின்தங்கியவை என்று எழுதினார்கள். அதிலும் மிக மோசமானவை 39. அந்த 39-ல் 26 வடக்கே இருந்தன. எட்டு வருடத்தில் 31,000 கோடி செலவழிக்கச் சொன்னார்கள். ஆக, அறிக்கை கையில் இருந்தது. செய்ய வேண்டியது பட்டியலாகவே இருந்தது. பத்து வருடம் கழித்து வந்த பெரிய அடையாளம் என்னவோ ஒரு குவிமாடம்.

செயலர் நிலை அலுவலகங்களை பெங்களூரிலிருந்து இங்கே மாற்றுவோம் என்று அதற்குப் பிறகு வந்த அரசுகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அறிவித்தன. வந்தவை பெரும்பாலும் பக்கத்து ஊரில் ஏற்கெனவே வாடகைக் கட்டடத்தில் இருந்த மாவட்ட அலுவலகங்கள். இதன் காரணம் எனக்குப் புரிகிறது. பிள்ளைகள் படிப்பு பெங்களூரில், மனைவி வேலை பெங்களூரில், மந்திரி பெங்களூரில். எனக்கு டிரான்ஸ்பர் வந்தபோது நானும்தான் ஆறு மாதம் மனுப் போட்டுப் பார்த்தேன்.

இப்படி இரண்டு ஊரில் கூடுவது கர்நாடகத்தில் மட்டும் இல்லை. எதிர்க்கட்சிக்காரரான மகாராஷ்டிரமே குளிர்காலக் கூட்டத்தை நாக்பூரில் நடத்துகிறது. 1953 நாக்பூர் ஒப்பந்தத்தில், மராட்டி பேசும் விதர்பா பம்பாயோடு சேர வேண்டுமானால் வருடத்தில் ஒரு கூட்டமாவது நாக்பூரில் நடக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தலைநகர் அந்தஸ்தை இழந்த ஊருக்குக் கொடுத்த ஈடு அது. 2022 டிசம்பரில் நடந்ததுதான் வேடிக்கை. 22-ஆம் தேதி பெலகாவியில் கூடிய கர்நாடக சட்டமன்றம், ஒரு அங்குலம்கூட விடமாட்டோம் என்று தீர்மானம் போட்டது. 27-ஆம் தேதி நாக்பூரில் கூடிய மகாராஷ்டிர சட்டமன்றம், பெலகாவி உட்பட 865 ஊர்கள் எங்களுக்கு வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இரண்டும் தத்தம் இரண்டாவது வீட்டில் உட்கார்ந்து போட்டவை. அந்த மாதம் லாரிகள் மேல் கல் விழுந்தது, இரு மாநில பஸ்களும் எல்லையில் நின்றன. என் பழைய கேஷியரின் மனைவிக்குத் தாய்வீடு கோல்ஹாப்பூர். அவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "தீர்மானம் போட்டவங்க எல்லாம் கார்ல போயிட்டாங்க சார். நாங்க பஸ்ல போறவங்க."

இது நம்மவர்களுக்குப் புரியாத சங்கதியா? 2016 செப்டம்பர் காவிரிக் கலவரத்தில் அத்திப்பள்ளியோடு பஸ் நின்றபோது, என் அம்மா ஓசூரில் இறங்கி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஜூஜூவாடி தாண்டி நடந்து வந்தார். அறுபத்தி மூன்று வயது அப்போது. எல்லையில் பலத்தைக் காட்ட நினைக்கிறவர்கள் எந்த மாநிலத்தவரானாலும், அதற்கான கால்வலி நம் அம்மாக்களுக்குத்தான்.

காஷ்மீரில் இதைவிடப் பெரிய அளவில் நடந்தது. 1872-ல் மகாராஜா ரண்பீர் சிங் ஆரம்பித்த தர்பார் மாற்றம். கோடையில் ஸ்ரீநகர், குளிரில் ஜம்மு. வருடத்துக்கு இரண்டு முறை மொத்த தலைமைச் செயலகமும் கோப்புகளைக் கட்டி லாரியில் ஏற்றிப் போகும். வருடம் 200 கோடி மிச்சம், கோப்பெல்லாம் கணினிக்கு வந்துவிட்டது என்று சொல்லி 2021-ல் நிறுத்தினார்கள். ஜம்மு வியாபாரிகள், குளிர்கால வியாபாரமே போச்சு என்று புலம்பினார்கள். 2025-ல் ஒமர் அப்துல்லா அரசு திரும்ப ஆரம்பித்துவிட்டது. செலவென்று ஒரு பக்கம் எழுதியது இன்னொரு பக்கத்தில் ஒரு டீக்கடைக்காரருக்கு வரவு. ஆறு மாதம் தங்கினால்தான் அப்படி. பத்து நாளில் லாட்ஜுக்காரருக்கு மட்டும்தான் லாபம்.

ஐரோப்பாவில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் கமிட்டிகள் பிரஸ்ஸல்ஸில், வருடத்துக்குப் பன்னிரண்டு முறை முழுக் கூட்டம் ஸ்ட்ராஸ்பர்க்கில். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே நானூறு கிலோமீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட நம் பெங்களூர் பெலகாவி மாதிரி. எல்லாம் பிரஸ்ஸல்ஸுக்கே மாறினால் வருடத்துக்கு 11 கோடியே 40 லட்சம் யூரோ மிச்சமாகும் என்று அவர்களுடைய தணிக்கையாளர்கள் 2014-ல் கணக்குக் கொடுத்தார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் மாற்றத்துக்கு ஆதரவாகவே ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தத்திலேயே ஊர் பெயர் எழுதியாகிவிட்டது. மாற்ற எல்லா நாடும் சம்மதிக்க வேண்டும். பிரான்ஸ் சம்மதிக்காது.

ஸ்ட்ராஸ்பர்க்கும் பெலகாவி போல எல்லை ஊர்தான். 1870-க்கும் 1945-க்கும் நடுவில் ஜெர்மனிக்கும் பிரான்சுக்குமாக நான்கு முறை கை மாறிய ஊர். இனிமேல் இதற்காகச் சண்டை வேண்டாம் என்று காட்டத்தான் அதைப் பொதுச் சபைக்கான ஊராக்கினார்கள். சண்டை போட்ட இரண்டு பேரும் ஒரே கூரைக்குள் உட்காருகிறார்கள். பெலகாவியில் சபை கூடும் முதல் நாள், ஏகீகரண சமிதி எதிர்ப்பு மேளா நடத்தப் பார்க்கிறது, போலீஸ் தடை போடுகிறது. ஸ்ட்ராஸ்பர்க்கில் செலவு சமாதானத்துக்கு, இங்கே செலவு பாத்தியதைக்கு. பணம் ஒன்றுதான், எழுதும் தலைப்பு வேறு.

பாத்தியதையே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அண்ணன் போன் வந்த அன்று ராத்திரி அம்மா தூங்கவில்லை. காலையில் காபி கொடுக்கும்போது சொன்னார்: "ஐயா, அந்த வீட்ட வித்துட்டா நாம அந்த ஊருக்காரங்கன்னு சொல்ல என்ன இருக்கு? கோயிலுக்குப் போனா அடுத்த வீட்டு வாசல்ல உக்காரணுமா?" இதற்கு எந்த லெட்ஜரில் என்ன பதில் எழுதுவது? பெலகாவியில் கட்டடம் கட்டியவர்கள் மனதிலும் இதே நியாயம் ஏதோ ஒரு மூலையில் இருந்திருக்கும். பக்கத்துக்காரர் வேலியைத் தள்ளும்போது நம் ஆள் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

ஆனால் பாத்தியதைக்குப் பூட்டு போதுமா? இதற்குப் பதில் பெலகாவியிலிருந்து எண்பது கிலோமீட்டரிலேயே இருக்கிறது. 2008 ஜூலையில் தார்வாடிலும் குல்பர்காவிலும் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் சர்க்கியூட் பெஞ்சுகள் திறந்தார்கள். 2013-ல் அவை நிரந்தரக் கிளைகளாயின. சட்டசபைக் கட்டடம் எழும்பிய அதே வருடங்கள், அதே வடக்கு மக்களின் கோரிக்கை, அதே அரசாங்கத்தின் பணம். பெங்களூர் வக்கீல்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பெஞ்ச் வருடம் முழுக்க நடக்கிறது. பீஜாப்பூர் விவசாயிக்கு நில வழக்கென்றால் குல்பர்கா போய்விட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பலாம்.

நமக்கு இதைவிட நன்றாகத் தெரிந்த உதாரணம் மதுரை. 2004 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கும்வரை, எங்கள் ஊர்க்காரர் ஒரு ரிட் மனுவுக்கு சென்னை ரயிலுக்கு ராத்திரி நிற்பார். என் அப்பா ஒரு வாய்க்கால் வழக்குக்காக அப்படிப் பதினோரு முறை போய் வந்தார். வக்கீல் பீசைவிட ரயிலுக்கும் லாட்ஜுக்கும் ஆன காசு அதிகம். இப்போது காலையில் பஸ் ஏறி மத்தியானம் வேலையை முடிக்கலாம். மதுரைக் கிளைக்கு எவ்வளவு செலவு என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. தினமும் திறந்திருக்கும் கதவின் செலவை யாரும் கேட்பதில்லை. 1983-ல் எம்.ஜி.ஆர். தலைநகரையே திருச்சிக்கு மாற்ற யோசித்தார், அது நடக்கவில்லை. தெற்கத்திக்காரனுக்குத் தலைநகர் பக்கத்தில் வந்திருந்தால்கூட மதுரைக் கிளை அளவுக்குப் பயன்பட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

அதனால் என் கணக்கு இப்படி முடிகிறது. பெலகாவியில் சபை கூடுவது தப்பில்லை. ரங்காச்சார்லு காலத்து ஆள் வண்டி கட்டி வந்து சொன்ன மாதிரி, குறை சொல்ல வருகிறவர் பக்கத்தில் ஓரிடம் வேண்டும். ஆனால் மீதி 355 நாள் அந்தக் கட்டடத்தில் நீர்ப்பாசனத்துக்கோ கரும்புக்கோ முடிவெடுக்கும் அதிகாரி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடு. அப்படி இருந்தால் 32 கோடி வட்டியை 10-ஆல் வகுக்க வேண்டாம், 250 வேலை நாளால் வகுக்கலாம். நாளுக்கு 13 லட்சத்துக்குள் வந்துவிடும். ஒரு மாநிலத்துக்கு அது தாங்கக்கூடிய செலவு. தவிர, மராட்டி பேசுகிறவரும் கன்னடம் பேசுகிறவரும் ஒரே வரிசையில் மனுவோடு நிற்பார்கள். தீர்மானம் போட்டுப் பெறமுடியாத பாத்தியதை அதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். வந்து குடியேறியவன் கருத்து, அவ்வளவுதான்.

ஊர் வீட்டுக்கும் அதையே செய்தோம். விற்கவில்லை. அண்ணன் இரண்டு வருடம் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். முன் அறை இரண்டையும் தெருப் பிள்ளைகளுக்கு சாயங்கால டியூஷன் எடுக்க, பக்கத்து வீட்டு அத்தையின் மருமகளுக்கு விட்டிருக்கிறோம். வாடகை இல்லை. கரண்டு பில் மட்டும் அவர்கள் பொறுப்பு. அம்மாவுக்கு முதலில் மனசில்லை. "வேத்தாளு பொழங்குனா நம்ம வீடு மாதிரியா இருக்கும்?" என்றார். பங்குனி உத்திரத்துக்குப் போனபோது கரையான் இல்லை, ஒட்டடை இல்லை. வாசலில் கோலம் இருந்தது. சுவரில் மட்டும் யாரோ வாய்ப்பாடு எழுதியிருந்தார்கள். அம்மா அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் மகள் கேட்டாள்: "அப்பா, பெலகாவி பில்டிங்லயும் டியூஷன் வைக்கச் சொல்லலாமே?"

வைக்கலாம்தான். அதில் அப்பளம் காயப்போட்டதற்கே வேலையை விட்டு எடுத்தார்கள் என்று சொன்னேன்.